குண்டூசி ஆனவ

— ஆடாம நில்லுடி கஞ்சி. குத்திட்டா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

— நிக்கிறேன். உன் கைதான் நடுங்குது.

— நடுங்காம என்ன செய்யும்? நம்ம ரெண்டு பேருக்கும் அறுபத்து மூணு ஆகுது. பட்டாளத்துல இருந்தப்போ இந்தக் கோட்டு உனக்குத் தொளதொளன்னு இருக்கும். இப்போ பட்டனுக்கும் காஜாவுக்கும் ஏழாம் பொருத்தம். முதுகுப் பக்கம் கொஞ்சம் பிரிச்சு விடறேன், வெளிய தெரியாது.

— நான் புடவையிலயே போயிருப்பேன். மெடலை இந்தக் கோட்டுல குத்திட்டுத்தான் மேடை ஏறணும்னு பிரின்சிபல் ஒத்தக் கால்ல நிக்கிறா.

— அப்படிச் சொல்லாதேடி.

— எப்படி?

— பிரின்சிபல் எப்படி நிக்கிறான்னு சொன்னியே, அந்த ரெண்டு வார்த்தை. யார் சொன்னாலும் எனக்கு இன்னும் திக்குனு இருக்கு. முப்பத்தெட்டு வருஷமா நான் அதை வாயில எடுக்கறதில்ல.

— மன்னிச்சுக்கோ. பழக்கத்துல வந்துடுச்சு.

— சரி விடு. கையைத் தூக்கு. இத்தனை வருஷம் கழிச்சு என்னை ஞாபகம் வெச்சுக் கூப்பிட்டிருக்கே, அதுவே பெரிசு. உன்னை வழியனுப்பற விழாவுக்குப் பத்திரிகை வந்தப்போ வேற யாருக்கோ வந்ததுன்னு நெனச்சேன். கவர் மேல பார்த்தா 'குண்டூசி தையல் கடை'ன்னு கொட்டை எழுத்துல இருக்கு. கடை போர்டுலயே என் பட்டப்பேரைத்தான் வெச்சிருக்கேன். வாய் நிறைய குண்டூசியைக் கவ்விக்கிட்டுக் கட்டுப் போட்டவ, இப்போ அதே குண்டூசியைக் கவ்விக்கிட்டு ஜாக்கெட் தைக்கிறேன்.

— ம். பத்திரிகை காலேஜ்லருந்து எல்லாருக்கும் போச்சு.

— நீ சொல்லித்தானே எனக்குப் போச்சு?

— ம்.

— இந்த ரூமுக்குத்தான் உன் பேர் வைக்கிறாங்களா?

— ஆமா. பயிற்சிக் கூடம். வாசல்ல பலகை மாட்டியாச்சு, மேல துணி போட்டு மூடியிருக்கு.

— நல்லா வெச்சிருக்கே. கட்டில் விரிப்பு மடிப்பெல்லாம் கத்தி மாதிரி நிக்குது. துணிக்குப் போட்ட கஞ்சியை மனசுக்கும் போட்டவடி நீ. அது என்ன, கட்டில்ல படுக்க வெச்சிருக்கற பொம்மைங்க நெத்தியில எல்லாம் எழுதியிருக்கு? 'கட்டு, பத்து இருபது.' இதுல 'கட்டு, ஒன்பது அஞ்சு.'

— பாடம். ரத்தம் நிக்கறதுக்குத் தொடையில இறுக்கிக் கட்டினா, கட்டின நேரத்தை நெத்தியில எழுதணும். ரொம்ப நேரம் அவிழ்க்காம விட்டா கால் செத்துப் போயிடும். எழுதாம கையை எடுத்தவ என்கிட்ட ஃபெயில்.

— பொண்ணுங்க உன்னைக் கண்டா நடுங்குவாங்களே.

— நடுங்கணும், அதுதான் முறை. ஆனா அதுங்களுக்கு ஸ்டைலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. வருஷா வருஷம் முதல் வாரம் பார்த்தா, புதுசா சேர்ந்தவங்க எல்லாரும் முடியைக் கத்தரிச்சு நெத்தி மேல இழுத்து விட்டுக்கிட்டு வருவாங்க. என்ன நாகரிகமோ.

— கஞ்சி, என்னாலதானே நீ இவ்வளவு கறாரா ஆயிட்டே?

— அதெல்லாம் இல்ல.

— பூசி மெழுகாதே. அந்தப் பையன் நெத்தியைப் படிச்சுட்டு நான் துடைச்சிருந்தா அவனுக்குக் கால் இருந்திருக்கும். பதினொண்ணாம் கட்டில். மூஞ்சி பூரா மண்ணு. 'அக்கா, கண்ணைத் திறக்க முடியல, எரியுது'ன்னான். ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பு. நீ எழுதி வெச்ச நேரம் என் கையோட போச்சு. போர்வைக்குள்ள கட்டு இருக்கறதே ஆறு மணி நேரம் யாருக்கும் தெரியல.

— குண்டூசி, இன்னிக்கு வேண்டாமே.

— அதுக்கப்புறம் நான் ஒருத்தர் மூஞ்சியையும் துடைச்சதில்லடி. என் பொண்ணு கைக்குழந்தை, வாயெல்லாம் பால் வழியும், நான் அவ அப்பாவைக் கூப்பிடுவேன். 'பெத்தவளுக்கு இதுகூடவா அருவருப்பு'ன்னு மாமியார் கேட்பாங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?

— மேடம், உள்ள வரலாமா?

— வாம்மா பிரின்சிபல்.

— அட, கோட்டு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கே மேடம்! இன்னும் அரை மணி நேரம்தான். மைக்காரர் இன்னும் வந்து சேரல. விழா தாமதமானா டைரக்டர் அவரைக் கேட்க மாட்டார், என்னைத்தான் கேட்பார். இன்னிக்கு நான்தான் குண்டூசி.

— என்னம்மா சொன்னீங்க?

— ஒண்ணுமில்லம்மா, அது எங்க காலேஜ் பாஷை.

— நீ போய் மைக்கைப் பாரும்மா.

— பார்க்கறேன் மேடம். இவங்க உங்க பட்டாளத்து சிநேகிதியா?

— கூட வேலை பார்த்தவம்மா. அது என்ன பாஷை, சொல்லுங்களேன்.

— மேடம் சொல்ற கதையிலருந்து வந்ததும்மா. முதல் வருஷம், முதல் வகுப்பு, யாரையும் புத்தகத்தைத் திறக்க விட மாட்டாங்க. கதைதான். போர் நடக்குது. ஒரு பள்ளிக்கூடத்துல ஆஸ்பத்திரி போட்டிருக்காங்க. பெஞ்சை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கட்டில். மேடம் ஒரு சிப்பாய்க்குக் காலைக் கட்டி, நெத்தியில நேரத்தை எழுதி, அடுத்து வந்த நர்ஸ்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போறாங்க. அவ பட்டப்பேர் குண்டூசி. அவ இரக்கப்பட்டு அவன் மூஞ்சியைத் துடைச்சுடறா. நேரம் போச்சு, கால் போச்சு. 'இரக்கம் இருந்தா போதாது, கண்ணு வேணும்'னு சொல்லி மேடம் மேசையில ஒரு தட்டு தட்டுவாங்க பாருங்க, சொன்னா நம்ப மாட்டீங்க, பாதிப் பொண்ணுங்க அழுதுடும்.

— குண்டூசின்னு பேரைச் சொல்லியா?

— பேரைச் சொல்லித்தாம்மா. இருபத்தாறு வருஷமா. இப்போ இங்க தெர்மாமீட்டர் உடைஞ்சாலும், மருந்து டப்பா மாறினாலும், 'யாரு குண்டூசி?'ன்னுதான் முதல் கேள்வி.

— நல்லா இருக்கு.

— மேடத்துக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. காதுல விழுந்தா முகத்தைத் திருப்பிக்குவாங்க.

— போதும்மா. மைக்.

— ஒண்ணே ஒண்ணு மேடம், அதோட போயிடறேன். மேடம் இதுவரைக்கும் யாரையும் வகுப்பைவிட்டு வெளிய அனுப்பினதில்லம்மா. ஒரே ஒரு பொண்ணைத் தவிர. அந்தப் பொண்ணு நான்தான்.

— அப்படி என்ன பண்ணினீங்க?

— கேள்வி கேட்டேன். கதையில மேடம் ஊதாப் பென்சில்ல எழுதினதா வரும். எச்சில் தொட்டு எழுதற பழைய பென்சில். எங்க அப்பாவுக்குப் பார்சல் ஆபீஸ்ல வேலை, அந்தப் பென்சில் எங்க வீட்டுல இறைஞ்சு கிடக்கும். நான் எழுந்து, 'மேடம், அதுல தண்ணி பட்டா அழியாதே, இன்னும் ஊதாவா பூத்து வருமே, மழையில நனைஞ்ச மூட்டையிலகூட விலாசம் பளிச்சுனு தெரியுமே'ன்னேன். ஒரு வாரம் வராந்தாவுல நின்னேன்.

— ஊதாப் பென்சில்.

— பதினேழு வயசும்மா. வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியல. சரி மேடம், நான் மைக்கைப் பார்த்துட்டு வந்துடறேன்.

— கதவைச் சாத்து.

— அவ ஒரு வாயாடி குண்டூசி, எதையாவது...

— கதவைச் சாத்துடி.

— சாத்திட்டேன்.

— அந்தத் துணி என்ன நிறத்துல இருந்துச்சு?

— எந்தத் துணி?

— நான் துடைச்ச துணி. உனக்கெப்படித் தெரியும், நானே சொல்றேன். மண்ணு நிறம். வாளியில போட்டு அலசினேன், தண்ணி பழுப்பா வந்துச்சு. ரெண்டாவது தடவை அலசினேன், தெளிஞ்சு வந்துச்சு. முப்பத்தெட்டு வருஷமா கனவுல அந்தத் துணியைத்தான் அலசிக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஊதா ஒரு சொட்டுகூட இல்ல. அவன் மூஞ்சியிலயும் இல்ல. மண்ணு போனதும் சின்னப் பையன் மூஞ்சி, அவ்வளவுதான்.

— நான் எழுதினேன்.

— எதுல?

— பென்சில்லதான்.

— ஊதாப் பென்சில்லயா?

— எல்லாருக்கும் அது ஒண்ணுதானே கொடுத்தாங்க.

— அப்போ எங்கே போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?

— அந்த நெருக்கடியில யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்...

— கஞ்சி. என்னைப் பாரு. பொம்மையைப் பார்க்காதே. எழுதினியா? எழுதினியாடி?

— இல்ல. எழுதல. பென்சில் காதுல சொருகியிருந்துச்சு. கட்டி முடிச்சேன். அவனுக்கு நடுக்கம், போர்வையை இழுத்து மூடி விட்டேன். பென்சிலை எடுத்து நாக்குல தொட்டேன். அந்தக் கசப்புகூட நாக்குல ஏறிடுச்சு. அதுக்குள்ள வாசல்ல அடுத்த லாரி. ஆள் வேணும், ஆள் வேணும்னு கத்தினாங்க. வந்து எழுதிக்கலாம்னு ஓடினேன்.

— அப்புறம்?

— மறந்துட்டேன். வேலை மாத்தினப்போ 'எல்லாம் எழுதியிருக்கு'ன்னு உன்கிட்ட சொன்னேன். தினம் சொல்ற வார்த்தைதானே, வாய் தானா சொல்லிடுச்சு.

— விசாரணையில?

— உண்மையைச் சொல்லணும்னுதான் போனேன். நீ நம்ப மாட்டே. எனக்கு முன்னாடி உன்னைக் கூப்பிட்டாங்க. யாரும் கேட்காமலே நீ சொன்னே, 'நான் மூஞ்சியைத் துடைச்சேன், நான்தான் அழிச்சிருக்கணும்'னு. எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்துச்சு. நுழைஞ்சுட்டேன். 'எழுதியிருந்தேன்'. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

— ஒரே ஒரு வார்த்தை.

— விசாரிச்சவங்க எல்லாம் பேனா பிடிச்சவங்க. பென்சிலை நாக்குல வெச்சவங்க ஒருத்தர்கூட இல்ல.

— நாக்குல வெச்சவ நான் இருந்தேனே. எனக்கே தோணலையே. கஞ்சியாவது, எழுதாம விடறதாவதுன்னு இருந்துட்டேன். என் கண்ணைவிட உன் வாயை நம்பினேன்டி.

— அது தெரிஞ்சுதான் எனக்கு இன்னும்...

— அழாதே. அழுதா நான் துடைக்க மாட்டேன்.

— அழல.

— என்னை வீட்டுக்கு அனுப்பினாங்க. உனக்கு இந்த மெடலைக் கொடுத்தாங்க. இப்போ என் கையாலயே உனக்குக் குத்தியும் விட்டிருக்கேன், கூறுகெட்டவ.

— கழட்டிடறேன்.

— தொடாதே. இருக்கட்டும். நல்லா குத்தட்டும். அந்தப் பையனுக்கு வருஷா வருஷம் கடிதம் போட்டேன், தெரியுமா உனக்கு? 'தம்பி, பார்க்காம துடைச்சுட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னு. பன்னெண்டு கடிதம். கடைசியில ஒரு பதில் வந்துச்சு. 'அக்கா, அன்னிக்கு முழுக்க எனக்குக் கிடைச்ச ஒரே சுகம் அந்த ஈரத்துணிதான், அதுக்குப் போய் மன்னிப்பு கேட்டா எப்படி'ன்னு. அதைக்கூட நான் நம்பல. நல்ல மனுஷன், ஆறுதலுக்கு எழுதறார்னு மடிச்சு வெச்சுட்டேன். அவரும் போய்ச் சேர்ந்துட்டார்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

— உன்கிட்டயா? நீதான் தெருவுல என்னைக் கண்டா எதிர்ப்பக்கம் போயிடுவியே. பாவம், என்னால அவளுக்கும் கெட்ட பேர்னு நான் ஒதுங்கிக்கிட்டேன். சிரிப்பா இருக்கு இப்போ நெனச்சா.

— குண்டூசி...

— சரி, பயத்துல சொல்லிட்டே. இருபத்தஞ்சு வயசு. அதைக்கூட எப்படியோ முழுங்கிடுவேன். வகுப்புல எதுக்குடி என் பேரை இழுத்தே? அங்க யாரு உன்னை விசாரிச்சாங்க?

— முதல் தடவை பேர் சொல்லாமத்தான் ஆரம்பிச்சேன். ஒரு நர்ஸ்னு. முன் பெஞ்சுல ஒருத்தி 'அந்த நர்ஸ் யாரு மேடம்'னு கேட்டா. என் காதுல அது 'நீங்களா மேடம்'னு விழுந்துச்சு. உன் பேர் வாயில வந்துடுச்சு.

— அடுத்த வருஷம்?

— அடுத்த வருஷமும்.

— இருபத்தாறு வருஷமும் வாய் தவறிக்கிட்டே இருந்துச்சா?

— சொல்லச் சொல்ல நானே நம்பிட்டேன்... இல்ல, அதுவும் பொய். ஒரு நாள்கூட நம்பல. ஒவ்வொரு தடவை மேசையைத் தட்டறப்பவும் கை கூசும். உன் முன்னாடி நிக்கவே இப்போ உடம்பெல்லாம் கூசுது. வெட்கமா இருக்கு குண்டூசி.

— இருக்கட்டும்.

— இன்னொண்ணும் சொல்லிடறேன். பத்திரிகை நான் அனுப்பல. நீ உள்ள வந்தப்போதான் எனக்கே தெரியும். யார் கூப்பிட்டாங்கன்னே தெரியாது. உன் முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்துட்டு வாய் வரல.

— அதுவும் இல்லையா? பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவங்ககிட்ட எல்லாம் தம்பட்டம் அடிச்சுக்கிட்டு வந்தேனேடி, என் சிநேகிதி மறக்காம கூப்பிட்டிருக்கான்னு.

— நான் இப்போ என்ன செய்யட்டும்?

— என்னைக் கேட்கறியா? நீதானே மேடம்.

— விழா முடியட்டும். நாளைக்கு எல்லாருக்கும் ஒரு கடிதமா எழுதிடறேன்...

— வந்து எழுதிக்கலாம்? அப்படிச் சொல்லிட்டுத்தானே அன்னிக்கும் ஓடினே?

— வெளிய நானூறு பொண்ணுங்க உட்கார்ந்திருக்கு. என்னை நம்பிப் படிச்சதுங்க. என் பேர் போட்ட பலகையில இருந்து துணியை எடுக்கப் போறாங்க. அதுங்க மூஞ்சியை நான் எப்படிப் பார்ப்பேன்?

— என் பொண்ணு மூஞ்சியை நான் எப்படிப் பார்த்தேன்? கையைக் கட்டிக்கிட்டு. அதே மாதிரி பாரு.

— சரி.

— என்ன சரி?

— சொல்லிடறேன். இன்னிக்கே, மேடையிலயே. யார் எழுதல, யார் பொய் சொன்னான்னு.

— கேட்டுட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். திரும்பு, காலர் மடங்கியிருக்கு.

— மேடம், மைக் வந்தாச்சு! எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. கடைசித் தடவையா அந்தக் கதையைச் சொல்லியே ஆகணுமாம்.

— சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ கேளு. கதவைச் சாத்திட்டு வா. இவதான் குண்டூசி. இவ எதையும் அழிக்கலம்மா. அழிக்கறதுக்கு அந்த நெத்தியில ஒண்ணுமே இல்ல. எழுதாம விட்டவ நான். உன்னை வராந்தாவுல நிறுத்தினது நீ தப்பா கேட்டதுக்கு இல்ல, சரியா கேட்டதுக்கு.

— இதைக் கேட்கத்தான் மேடம் இருபத்தாறு வருஷமா காத்திருந்தேன். பத்திரிகை அனுப்பினது நான்தான்.

— நீங்களாம்மா?

— போன மாசம் பஸ்ல போறப்போ உங்க கடை போர்டைப் பார்த்தேன்ம்மா. இவங்க வேலையை விட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது நீங்க ரெண்டு பேரும் ஒரு ரூமுல நிக்கணும்னு தோணுச்சு. கொஞ்ச நேரம் முன்னாடி வேணும்னேதான் பென்சில் கதையைச் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க மேடம்.

— உனக்குத் தெரியும்னா ஏன் இத்தனை நாள் சொல்லல?

— நெத்தியில எழுத வேண்டியவங்கதான் எழுதணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க.

— இருபத்தாறு வருஷம் இவ பேரை ஒரு தப்புக்குப் பேரா வெச்சுட்டேனே. அத்தனை பொண்ணுங்க வாயிலயும் அழுக்காயிடுச்சே. மேடையில நான் ஆயிரம் சொன்னாலும் அந்த வார்த்தையை இனி எப்படித் துடைக்கிறது?

— அழுக்கே ஆகல மேடம். நீங்க என்னை வெளிய அனுப்பின அன்னிக்கு சாயங்காலமே ஹாஸ்டல்ல எங்க பேட்ச் முழுக்க நெத்தியில ஊதாப் பென்சில்ல எழுதி, ஈரத்துணியால துடைச்சுப் பார்த்தோம். அந்த எழுத்து ஒரு வாரம் போகல. ஒவ்வொரு பேட்ச்சும் அடுத்த பேட்ச்சுக்கு அந்தப் பென்சிலைக் கொடுத்துட்டுத்தான் போகுது. முதல் வாரம் பொண்ணுங்க நெத்தி மேல முடியை இழுத்து விட்டுக்கிட்டு வர்றது ஸ்டைலுக்கு இல்ல மேடம்.

— அப்போ... எல்லாருக்கும் தெரியுமா?

— எல்லாருக்கும் மேடம். இங்க ஒருத்தியைக் குண்டூசின்னு சொன்னா அவ தப்பு பண்ணினவன்னு அர்த்தம் இல்ல, மேல இருக்கறவங்க பண்ணின தப்பு அவ தலையில விழுந்திருக்குன்னுதான் அர்த்தம்.